சிப்பித்துறைக்கு இடம் இல்லை

"இடம் பத்தல மேடம்," என்றார் சூசை.

குழலி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எதுக்கு?"

"எங்க ஊருக்கு."

விஷயம் இதுதான். கடற்கரை நெடுக இருக்கிற மீன்பிடித் துறைகளுக்குப் புயல் எச்சரிக்கை தருவது அந்த அலுவலகத்தின் வேலை. ஒவ்வொரு துறைக்கும் ஒரு சர்வர். எந்த வள்ளம் கடலில் இருக்கிறது, எது கரையில் கிடக்கிறது என்று அது கணக்கு வைத்திருக்கும். புயல் கூண்டு ஏறினால் அந்தத் துறையின் சங்கை ஊதும்.

சர்வர் என்றதும் தனித்தனிப் பெட்டி என்று நினைக்க வேண்டாம். குளிரூட்டிய கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரே ஒரு மெயின்பிரேம் கணினி. அதற்குள்தான் எல்லா சர்வரும் ஓடும். எதற்கும் உடம்பு கிடையாது. ஆனால் ஒவ்வொன்றும் தன்னைத் தனி இயந்திரம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். தாய் சர்வர் ஒன்றை ஒழுங்காகச் செய்துவிட்டு, அதை நகல் எடுத்து நகல் எடுத்துத் துறைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

நகல் எடுக்கிற வேலை சூசையுடையது. வடக்கிலிருந்து வரிசையாக எடுத்துக்கொண்டு வந்தார். பாதிக் கரை வருவதற்குள் டிஸ்க் தீர்ந்துவிட்டது.

சிப்பித்துறை தெற்கே, வரிசையில் கடைசி. அவருடைய அண்ணன் மிக்கேல் அங்கேதான் வள்ளம் இறக்குகிறார்.

"புது டிஸ்க் எப்போ வருதாம்?" என்றார் குழலி.

"தை மாசம்னு ஷெரீப் சொல்றான்."

"புயல் எப்போ வருதாம்?"

சூசை முறைத்தார். ஐப்பசி பிறந்துவிட்டது. இதைக் கேட்க ஒரு ஆள் வேண்டுமா?

குழலிக்கு சூசையைவிட வயது குறைவு. ரொம்பவே குறைவு. ஆனால் டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது என்று அந்தக் கட்டடத்தில் அவரிடம்தான் கற்றுக்கொள்ள முடியும். கற்றுக்கொள்ளப் போனவர்களில் பாதிப் பேர் கோபமாகத் திரும்பினார்கள். கேட்டதற்குப் பதில் வராது. வேறு ஏதாவது வரும்.

வந்தது.

"சூசையண்ணே, கோரைத்துறை சர்வரையும் நண்டுமுனை சர்வரையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வைங்க. எதெல்லாம் வேற வேறயா இருக்கோ, அதை மட்டும் வந்து சொல்லுங்க."

"எனக்கு வேணுங்கறது இடம் மேடம். ஒப்பிட்டுப் பார்க்கறதுக்கு—"

குழலி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

•

சூசை ஒப்பிட்டார். கண் எரிந்தது. மறுநாள் வந்தார்.

"பேர் வேற. முகவரி வேற. சாவி வேற. வள்ளக் கணக்கு வேற. அன்னன்னிக்கு நடந்ததை எழுதி வைக்கிற பதிவு வேற."

"மிச்சம்?"

"மிச்சம் அப்படியே அச்சு. ஒரு எழுத்து மாறல."

"அந்த மிச்சத்தை எத்தனை தடவை எழுதி வெச்சிருக்கீங்க?"

சூசை திரும்பி நடந்தார். நடை ஓட்டமாகிவிட்டது.

டிஸ்க் அடுக்குகளைப் பார்த்துக்கொள்ளும் ஷெரீப் வாசலில் நின்றிருந்தான்.

"என்னண்ணே, உள்ள நாய் ஏதாவது இருக்கா?"

"தள்ளுடா."

எல்லாருக்கும் ஒன்றாக இருப்பது ஒரே டிஸ்க்கில். அதை எல்லா சர்வரும் படிக்கலாம். அவரவருக்கு என்று இருப்பது அவரவர் டிஸ்க்கில். அதில் அவரவர் எழுதிக்கொள்ளலாம். இதில் புரியாததற்கு ஒன்றும் இல்லை. புரிந்த பிறகு, இத்தனை நாள் ஏன் புரியவில்லை என்பதுதான் புரியாது.

சூசை வெள்ளைப் பலகையில் வரைந்தார். இடது பக்கம் பெரிய கட்டம். அதற்குள் 'பொது' என்று எழுதினார். அதை அடுத்து ஒவ்வொரு துறைக்கும் ஒரு கட்டம், ஒட்டி ஒட்டி. கோரைத்துறை. நண்டுமுனை. அப்படியே தெற்கே போய்க் கடைசியில் சிப்பித்துறை.

பலகை நிரம்பியது. எல்லாம் சரியாக அடங்கியது. சூசை குழலியைக் கூப்பிட்டுக் காட்டினார். முகத்தில் சிரிப்பை மறைக்கத் தெரியவில்லை.

குழலி பலகையைப் பார்த்தார்.

துடைப்பானை எடுத்தார்.

சிப்பித்துறையை அழித்தார்.

"மேடம்!"

"இது காலியா இருக்கட்டும். பொது எவ்வளவு இருக்கோ அதே அளவு."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல."

"எங்க ஊருக்கு இடம் இல்ல. காலிக்கு இடம் இருக்கா?"

"ஆமா."

"ஏன்னு சொல்லுங்க."

"நான் சொன்னா ஞாபகம் இருக்காது," என்றார் குழலி. போய்விட்டார்.

சூசைக்கு வந்த கோபத்தில் பேனா மூடியைக் கடித்தே உடைத்துவிட்டார்.

பிறகு என்ன செய்தார் என்றால், காலியாக விட்ட இடத்தில் திரும்பவும் 'சிப்பித்துறை' என்று எழுதினார். பெரிய எழுத்தில்.

•

எல்லா சர்வரும் எழுந்தன. வடக்கிலிருந்து தெற்குவரை ஒன்றுகூட மக்கர் பண்ணவில்லை.

சூசை அண்ணனுக்குப் போன் போட்டார்.

"அண்ணேன், வந்திருச்சு. நாளைக்குச் சங்கு சோதனை. காதைத் தீட்டி வெச்சுக்கோ."

"ஏலே, ரெண்டு மாசமா நாளைக்கு நாளைக்குங்குற. ஊதட்டும், அப்புறம் பாப்போம்."

சோதனை நாள். துறைக்குத் துறை சங்கு ஊதியது. ஆனால் சட்டென்று நின்றுவிட்டது. கரையில் நிற்பவனுக்குக் கேட்கும். வள்ளத்து இன்ஜின் சத்தத்தில் இருப்பவன் தலையைத் திருப்புவதற்குள் முடிந்துவிடும்.

எவ்வளவு நேரம் ஊத வேண்டும் என்பது ஒரே ஒரு எண். பொது டிஸ்க்கில் இருந்தது. அதில் எழுதும் உரிமை சூசையிடம் இருந்தது.

எண்ணை மாற்ற வேண்டும். வேறு எங்கே வைத்து மாற்றுவது? பக்கத்தில் இடம் இல்லை. நேரே திறந்தார். எண்ணை மாற்றினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை வைத்ததுதான் வைத்தோம் என்று, ரொம்ப நாளாகக் கண்ணை உறுத்திய சில கோப்புகளையும் இடம் மாற்றி அடுக்கினார். மூடினார்.

முதலில் கோரைத்துறை விழுந்தது.

அப்புறம் நண்டுமுனை.

அப்புறம் பெயர் சொல்ல நேரமில்லாமல் விழுந்தன.

ஓடிக்கொண்டிருக்கிற சர்வர் ஒவ்வொன்றும் ஒரு தடவை படித்ததைத் தன் நினைவில் வைத்திருக்கும். இது இங்கே இருக்கிறது, அது அங்கே இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஓடும். காலுக்குக் கீழே எல்லாம் மாறியது அதற்குத் தெரியாது. நம்பியபடி காலை வைத்தது. அங்கே வேறு ஏதோ இருந்தது.

திரை முழுக்கச் சிவப்பு. கரை முழுக்க ஊமை.

ஷெரீப் ஓடி வந்தான். திரையைப் பார்த்தான். கிண்டல் பண்ண நினைத்து வந்தவன், பண்ணாமல் நின்றான்.

குழலி வந்தார்.

"யார் எழுதினது?"

"நான்."

திட்டு விழும் என்று சூசை காத்திருந்தார். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பொது டிஸ்க்ல எழுதற உரிமை யார் யாருக்கு இருக்கு?"

"எனக்கு. உங்களுக்கு."

"ரெண்டையும் எடுத்துடுங்க."

"உங்களுதுமா?"

"நான் மட்டும் என்ன, அவசரமே படாத ஆளா?"

சூசை தன் உரிமையை நீக்கினார். பிறகு குழலியின் உரிமையை நீக்கினார். இரண்டாவதை நீக்கும்போது விரல் தயங்கியது.

"இனிமே ஒரு எழுத்து மாத்தணும்னாலும் யாராலயும் முடியாது மேடம்."

"முடியாது."

"அப்புறம் மாத்தணும்னா எப்படி மாத்துறது?"

குழலி வெள்ளைப் பலகையைப் பார்த்தார். தான் அழித்த இடத்தில் பெரிய எழுத்தில் 'சிப்பித்துறை' என்று இருந்தது.

"டீ குடிச்சுட்டு வர்றேன்," என்று போனார்.

சூசை பலகைக்கு முன்னால் நின்றார். பொது. அதை ஒட்டி, அதே அளவில், தன் ஊர்.

அவர் நின்ற நேரத்தில் ஷெரீப் ரெண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தான். காதில் விழவில்லை.

துடைப்பானை எடுத்தார். தன் கையாலேயே அழித்தார்.

•

தாய் சர்வரில் சங்கு ஊதும் நேரத்தைச் சரிசெய்து, அதிலிருந்து பொது டிஸ்க்கை மறுபடி உருவாக்கி, எல்லாத் துறைகளையும் எழுப்பி முடித்தார். ஒன்றைத் தவிர.

அண்ணனே போன் போட்டார்.

"ஏலே, ஒரு நாள் ஊதிச்சு. அப்புறம் செத்துப் போச்சு. என்ன சங்குல அது?"

"அண்ணேன், நம்ம துறைக்கு இப்போதைக்கு இல்ல."

"ஏன், நாங்க மட்டும் கடல்ல நடந்தா போறோம்?"

"இடம் இல்லண்ணேன்."

"என்ன பெரிய இடம்? கோரைத்துறையில வள்ளம் நிக்கறதப் பாத்திருக்கியா? கண்ணுக்கெட்டின தூரம் நிக்கும். நம்மகிட்ட என்ன இருக்கு? கடையில டீ குடிக்க உக்காந்தா மொத்த ஊரும் ஒரே பெஞ்சுல அடங்கிரும். எங்களுக்கு எதுக்குல அவனளவு இடம்?"

சூசையின் கண் பலகைக்குப் போனது.

"ஏலே, இருக்கியா?"

"அண்ணேன், வை. வை வை. அப்புறம் பேசறேன்."

பலகையை மறுபடி பார்த்தார். கோரைத்துறைக்கு எவ்வளவு கட்டமோ, அதே கட்டம்தான் எல்லாருக்கும். நகல் எடுத்துப் பழகிய கை. ஒரே அளவில் வெட்டிக்கொண்டே போயிருந்தது. பொதுவைப் பொதுவாக்கியவர், அவரவருடையதையும் ஒரே அச்சில் வார்த்து வைத்திருந்தார்.

ஒவ்வொரு துறைக்கும் போன் போட்டார். எத்தனை வள்ளம்? எத்தனை ஓடுது, எத்தனை சும்மா கிடக்குது? பதிவை எத்தனை நாள் வெச்சிருக்கணும்?

சில துறைகளில் சந்தேகப்பட்டார்கள். "எதுக்குக் கேக்கறீங்க? மானியத்தைக் குறைக்கவா?" ஒரு துறையில் ஒரு அம்மா போனை எடுத்து, வள்ளக் கணக்கைச் சொல்லிவிட்டு, தன் மாப்பிள்ளைக்கு அந்த அலுவலகத்தில் வேலை கிடைக்குமா என்று கேட்டார். சூசை கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கேட்கவில்லை.

ஷெரீப் சொன்னான், "அண்ணே, தை வரைக்கும் பொறுத்தா புது டிஸ்க் வந்துரும். எதுக்கு இப்படிக் கெடந்து மல்லுக்கட்டுறீங்க?"

"தை வரைக்கும் கடல் பொறுக்குமான்னு நீ கேட்டுச் சொல்லு."

ஷெரீப் அதற்கப்புறம் பொறுக்கச் சொல்லவில்லை. பாதித் துறைகளுக்கு அவனும் போன் போட்டான்.

கட்டங்கள் சுருங்கின. கோரைத்துறைக்குப் பெரிதாக. மற்றவர்களுக்கு அவரவர் அளவு. கடைசியில் சிப்பித்துறைக்கு ஒரு சின்னக் கட்டம், தீப்பெட்டி மாதிரி. பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தது.

பொதுவுக்குப் பக்கத்தில் அதே அளவு வெறும் வெள்ளை.

அந்த வழியாகப் போன குழலி ஒரு நிமிடம் நின்று பார்த்தார். துடைப்பானை எடுக்கவில்லை.

•

கார்த்திகையில் வந்தது.

காலையில் ஒன்றாம் எண் கூண்டு. எல்லாத் துறையிலும் சங்கு ஊதியது. ஒன்றாம் எண்ணுக்கு யாரும் வலையை மடித்து வைக்க மாட்டார்கள். தூரத்தில் எங்கோ ஏதோ இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். மதியத்துக்கு மேல் வள்ளங்கள் இறங்கும்.

மதியம் செய்தி வந்தது. புயல் திரும்பிவிட்டது. மூன்றாம் எண் ஏற்றப் போகிறார்கள்.

சூசை ஒரு சோதனை சர்வரில் மூன்றாம் எண்ணைக் கொடுத்துப் பார்த்தார். சங்குக்கான கட்டளை போகவில்லை. மறுபடி கொடுத்தார். போகவில்லை.

நிரலைத் திறந்து படித்தார். எழுதியவர் யாரோ. சங்கு ஓயாமல் ஊதினால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஊதும்படி எழுதி வைத்திருந்தார்.

இன்றைக்கான தடவை காலையிலேயே முடிந்துவிட்டது.

"அண்ணே," என்றான் ஷெரீப். "எழுதற உரிமையைத் திரும்பப் போட்டுக்கிட்டு அந்த ஒரு வரியைத் தூக்கிருங்க. எல்லாத் துறைக்கும் ஒரே அடியில சரியாயிரும். கண் மூடித் திறக்கற வேலை."

"வாயை மூடு."

"வள்ளம் இறங்கப் போகுதுண்ணே!"

"தெரியும்டா. எங்க அண்ணன் வள்ளம்."

பொது டிஸ்க்கை அப்படியே பக்கத்துக் காலியில் நகல் எடுத்தார். நகல் நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்காருவது மாதிரி ஒரு தண்டனை கிடையாது. ஷெரீப் மணியைப் பார்த்தான். சூசை மணியைப் பார்க்கவில்லை. பார்த்தால் கை தப்பும் என்று அவருக்குத் தெரியும்.

நகல் முடிந்தது. புதியதில் அந்த வரியைத் திருத்தினார். வேறு எதையும் தொடவில்லை. எழுதும் உரிமையைப் பூட்டினார். சோதனை சர்வரைப் புதிய டிஸ்க்கில் எழுப்பினார். கட்டளை போனது.

பழையது அங்கேயே இருந்தது. எல்லாத் துறைகளும் அதன் மேல், எதுவும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தன. இனி ஒவ்வொன்றாக நிறுத்தி, புதியதன் மேல் எழுப்ப வேண்டும். எழும் வரைக்கும் அந்தத் துறை ஊமை. எழவில்லை என்றால் ஊமைதான். சோதனை சர்வருக்கு நிஜச் சங்கு கிடையாது. நிஜச் சங்கு ஊதுமா என்பது ஏதாவது ஒரு துறையில் ஊதிப் பார்த்தால்தான் தெரியும்.

குழலி எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பின்னால் நின்றார்.

"எதை முதல்ல எழுப்பப் போறீங்க?"

சூசையின் கை விசைப்பலகை மேல் நின்றது.

"சிப்பித்துறை."

"சொந்த ஊருன்னா?"

"இல்ல மேடம். தப்பாப் போச்சுன்னா அந்த நிமிஷமே போன் போட்டுத் திட்ட ஆள் இருக்கற ஊர் அது ஒண்ணுதான்."

குழலி ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் யார் பக்கத்திலும் உட்கார்ந்து ஷெரீப் பார்த்ததில்லை.

சூசை நிறுத்தினார்.

சிப்பித்துறையின் பச்சை விளக்கு அணைந்தது.

கூடத்தில் குளிர்காற்று ஓடும் சத்தம் மட்டும்.

விளக்கு மறுபடி பச்சையானது. மூன்றாம் எண் கூண்டு என்ற செய்தி உள்ளே போனது.

ஒன்றும் நடக்கவில்லை. இங்கே என்ன நடக்கும்? நடந்தால் அங்கேதான்.

போன் மேசையில் கிடந்தது. சூசை அதைத் தொடவில்லை. ஷெரீப் எடுத்துக் கொடுக்கப் போனான். குழலி அவன் கையைத் தட்டிவிட்டார்.

போன் அடித்தது.

"ஏலே சூசை! அறிவிருக்கால உனக்கு? வலையெல்லாம் ஏத்தியாச்சு, ஐஸ் கொட்டியாச்சு, பாதிப் பேரு வள்ளத்துல ஏறியாச்சு. இப்போ போயி ஊதுறியே! ஊதுறவன் காலையிலயே ஒழுங்கா ஊதித் தொலைக்கறதுக்கு என்ன? எல்லாத்தையும் மறுபடி இறக்கணும்ல!"

அவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. பின்னால் அவ்வளவு சத்தம்.

"என்ன சொல்றார்?" என்றார் குழலி.

"திட்டுறாரு மேடம்."

"அப்போ அடுத்த துறை."